எடித் செய்யாத சத்தியம்

எடித் எங்கட கோயில் கூட்டினவள். பேசாலைக்குக் கிட்ட ஒரு சின்ன மாதா கோயில். புருசன் சிங்கராசா கடலுக்குப் போறவன். ரெண்டு பிள்ளையளைப் பெத்துச் சாகக் குடுத்திட்டு, மூண்டாவதுக்கு ஏழு மாசம் அவளுக்கு. எதிர்த்துக் கதைக்கத் தெரியாத சீவன். நான் கோயில் மூப்பன். பூசை வைக்கச் சுவாமி மாசத்தில ரெண்டு தரம்தான் வருவார். மிச்ச நாளெல்லாம் நான்தான் ராசா. சொல்லவே நாக் கூசுது.

அறுபத்தெட்டாம் ஆண்டுத் திருநாள் முடிஞ்ச கையோட மாதாவின்ர நேர்த்திச் சங்கிலியைக் காணேல்லை. கோயில் பூட்டின்ர திறப்பு என்னட்டையும் எடித்திட்டையும்தான் இருந்தது. எங்கட ஊரில களவுக்குப் பொலிசிட்டைப் போறதில்லை. மாதா சுரூபத்தின்ர காலைத் தொட்டுச் சத்தியம் பண்ணவேணும். பொய்ச் சத்தியக்காரனைக் கடல் கொண்டுபோகும் எண்டு பயம். தொடப் பின்னடிச்சவர் கள்ளர், வேற விசாரணை இல்லை. நான்தான் முதல் தொட்டனான். "மாதாவின்ர கழுத்தில இருந்து சங்கிலியைக் கழட்டினது நானில்லை" எண்டு சத்தியம் பண்ணினன்.

"இப்ப நீ தொடடி!"

"நான் எடுக்கேல்லை மூப்பர். ஆனா வயித்தில பிள்ளையோட சத்தியம் பண்ணமாட்டன். மெய்ச் சத்தியமெண்டாலும் பிள்ளைக்கு ஆகாது."

அவள் ரெண்டு கையாலயும் வயித்தைப் பொத்திக்கொண்டு பின்னால போனாள். அந்தப் பயம் எனக்கு நல்லாப் பிடிச்சிருந்தது, அறுவான் நான்! "பாத்தியளோ!" எண்டு சனத்தைப் பாத்துக் கத்தினன். அண்டையோட அவள் கள்ளி.

அடுத்த திருநாளுக்கு மாதாவின்ர உடுப்புப் பெட்டியைத் திறந்தன். பழைய நீல அங்கிக்குள்ள சங்கிலி சிக்கிக் கிடந்தது. போன வருசம் அந்த அங்கியைச் சங்கிலியோட சேத்துக் கழட்டி மடிச்சு வைச்சது என்ர கைதான். ஐயோ! என்ர சத்தியமெல்லோ பொய்! சத்தமில்லாமல் மாதாவின்ர கழுத்தில போட்டிட்டு வந்திட்டன். விடியச் சனம், "கள்ளி பயத்தில கொண்டுவந்து போட்டிட்டாள்" எண்டுது. நானும் தலையாட்டினன். அதுக்குப் பிறகு நான் வள்ளத்தில கால் வைக்கேல்லை.

பத்து வருசம் கழிச்சுத்தான் அவளிட்டைப் போய்ச் சொன்னன். கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தவள், நிமிரேல்லை.

"பெட்டிக்குள்ள கிடக்குமெண்டு அண்டைக்கே நினைச்சனான். உடுப்பு மாத்தினது நீங்கள்தானே."

"பின்னை ஏன் சொல்லேல்லை?"

"பிள்ளையின்ர ஞானஸ்நானத்துக்கு உங்களட்டைத்தானே துண்டு எழுதி வாங்கவேண்டியிருந்தது."

அந்தத் துண்டையும் நான் குடுக்கேல்லை. "கள்ளியின்ர பிள்ளைக்கு என்ன துண்டு?" எண்டு துரத்திவிட்டனான். ஞானஸ்நானம் குடுக்கப் பச்சைப் பிள்ளையோட மன்னாருக்கு பஸ் ஏறினவள்.

"என்ர மகளின்ர காது கேக்கக் கோயிலில ஒருக்காச் சொல்லுங்கோ, மூப்பர்" எண்டாள். ஓம் எண்டன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எழும்பினன். எல்லாரும் என்னைப் பாத்தினம். கொடியேத்தம் எண்டைக்கு எண்டு அறிவிச்சுப்போட்டு இருந்திட்டன். அவள் பிறகு கேக்கவேயில்லை.

போன மாசம் எடித்தை அடக்கம் பண்ணினம். சவக்காலையில ஒருத்தி, "மாதாவின்ர சங்கிலியை எடுத்தவளெல்லோ" எண்டு குசுகுசுத்தாள். எடித்தின்ர மகள் பெற்றிசியா கேட்டிட்டுத் தலையைக் குனிஞ்சாள். நான் பக்கத்திலதான் நிண்டனான்.