ஓவியத்தில் இருந்த இடக்கைக்காரர்

தூபா கானுமைத் தெரியாதவர்கள் அவளைக் கர்வி என்பார்கள். தெரிந்தவர்களும் அதையேதான் சொல்வார்கள், கொஞ்சம் பிரியத்தோடு. இஸ்பஹானில் பழைய ஓவியங்களைச் செப்பனிடும் அறை ஒன்றில் அவளுக்கு வேலை. அரித்துப்போன தாளுக்கு ஒட்டுப்போடுவாள், உதிரும் வண்ணத்தை நிறுத்துவாள். ஆனால் அவளைக் கேட்டால் தன் தொழில் ஸேதார் வாசிப்பது என்றுதான் சொல்வாள். வாசிக்காமல் கிடந்த ஆறு வருஷமும் அப்படித்தான் சொன்னாள்.

நகரங்களின் மேல் ஏவுகணைகள் விழுந்த வசந்தத்தில், மாமியார் வீட்டுச் சுவர் அவள் இடக்கை மேல் சரிந்தது. நடுவிரலும் மோதிரவிரலும் போயின. உயிர் தப்பியதற்கு வீட்டார் ஆடு அறுத்துப் பங்கிட்டார்கள். அவள் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. ஸேதாரில் வலக்கையின் ஆள்காட்டி நகம் தந்தியைத் தட்டும், அவ்வளவுதான். நீண்ட கழுத்தில் ஓடி ராகத்தைச் சொல்வது இடக்கை விரல்கள். சொல்கிற கை போனபின் தட்டுகிற கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆறாம் வருஷம் ஒரு புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தாள். ஹிந்த் தேசத்து பாதுஷா ஒருவரின் சபை. ஒரு பக்கம் தோளில் சுரைக்குடம் சாய்த்த ஹிந்த் நாட்டு வீணைக்காரர். எதிரே ஈரானிலிருந்து போன ஸேதார்க்காரர். காலடியில் எறும்பு ஊர்ந்தாற்போல் பெயரும் ஊரும்: மிர்ஸா பர்ஹாத், மஷ்ஹத். அவருடைய ஸேதாரின் கழுத்து அவருக்கு வலப்பக்கம் நீண்டிருந்தது. இடக்கையால் மீட்டிக்கொண்டிருந்தார்.

அன்றே தந்திகளை மாற்றிக் கட்டினாள்; தட்டுவதை இடக்கையில் மிஞ்சிய ஆள்காட்டி விரலுக்கும், ராகம் சொல்வதை வலக்கைக்கும் கொடுத்தாள். குழந்தை மாதிரி முதல் பாடத்திலிருந்து தொடங்கினாள். பதினோரு வருஷம். கணவர் பொறுமைசாலி, பாவம், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பத்திரிகை படித்தார்.

மடியருகே நிறுத்தி வில்லால் இழைக்கும் கமான்ச்சே வாசிக்கும் ஷம்ஸி, தூபாவின் பழைய தோழி. பெண்களுக்கு மட்டும் வாசிக்கும் குழு ஒன்றை நடத்திவந்தாள். தூபா மறுபடி வருகிறேன் என்றதும் கைகொட்டிச் சிரித்தாள்.

"நாலு ஸேதார் வரிசையா உட்கார்ந்தா மூணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கமா? பக்கத்துல இருக்கறவ கண்ணைக் குத்திடுவேடி!"

"தள்ளி உட்காரச் சொல்லு."

"கண்ணு கிடக்கட்டும். இப்படி மாத்திப் பிடிச்சு யாருடி வாசிச்சிருக்கா? எந்தக் காலத்துல?"

தூபா புத்தகத்தைப் பிரித்து மடியில் வைத்தாள். ஷம்ஸி மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பழைய ஓவியம் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதற்குமேல் பேச்சில்லை. கமான்ச்சேயின் காலை எப்படி ஊன்றுவது என்பதற்குக்கூடச் சுவரோவியத்தைக் காட்டிச் சண்டை போடுகிறவர்கள் நாங்கள்.

"பாதுஷாவே ஒத்துக்கிட்டாரு, நான் யாரு? அடுத்த வெள்ளிக்கிழமை கச்சேரிக்கு வந்துடு," என்றாள் ஷம்ஸி. வாசித்துக் காட்டு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூபாவுக்கு அது சுருக்கென்றது. இடம் கிடைத்த சந்தோஷத்தில் விழுங்கிக்கொண்டாள்.

விதியைப் பாருங்கள், அந்த வாரமே படத்தின் மூலத்தாள் செப்பனிட வந்து சேர்ந்தது. தூபா கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. இரண்டு நாள் ஈரப்பஞ்சால் அழுக்கெடுத்தாள். மூன்றாம் நாள், மிர்ஸா பர்ஹாதின் அங்கியில் ஒரு முடிச்சு தெளிந்து வந்தது. இடது அக்குளுக்குக் கீழே.

அவள் பஞ்சைக் கீழே வைத்தாள். அந்தச் சபையில் முஸ்லிம்கள் அங்கியை வலப்பக்கம் முடிவார்கள், இந்துக்கள் இடப்பக்கம். மஷ்ஹத்துக்காரர் இடப்பக்கம் முடிந்துகொண்டு பாதுஷா முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டார். வண்ணம் உதிர்ந்த இடத்தில் உருப்பெருக்கியை வைத்தாள். கரிப்பொட்டுகள் வரிசையாக இருந்தன.

பக்கத்து மேஜை நெஸாம் எட்டிப்பார்த்தான். பழைய பாணியில் படம் வரைகிறவன். அவனுக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

"மான்தோல்ல ஊசியால குத்தி, கரித்தூள் தட்டிப் படி எடுத்திருக்கான், கானும். வீணைக்காரருக்கு எதிர்முகமா வேணும்னு தோலைத் திருப்பிப் போட்டுட்டான். ஆளே திரும்பிட்டாரு. நிஜத்துல மனுஷன் எல்லாரையும் போல வலக்கைக்காரர்தான்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "முடிச்சு உதிர்ற நிலையிலதானே இருக்கு? நிறுத்தாம விட்டுடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே," என்றாள். முடிச்சு உதிராமல் பசை தடவி நிறுத்தினாள். குறிப்பேட்டில் 'திருப்பிப் போட்ட படி. வாசித்தவர் இடக்கைக்காரர் அல்ல' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அன்று மதியம் வீட்டுக்குப் போய் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு நேரே ஷம்ஸி வீட்டுக்கு நடந்தாள்.

ஷம்ஸி தேநீரும் கற்கண்டும் கொண்டுவந்து வைத்தாள். தூபா தொடவில்லை. முடிச்சைப் பற்றி, தோலைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ அப்படி ஒரு ஆளே இல்லையா?"

"இல்லை."

"பதினோரு வருஷம் இல்லாத ஆளைப் பார்த்தா கத்துக்கிட்டே?"

"ஆமா ஷம்ஸி. படத்தைக் காட்டித்தான் உன்கிட்ட இடம் கேட்டேன். அது பொய்யாயிடுச்சு. இடத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தேன்." சொல்லிவிட்டு எழுந்தாள். அந்தக் கர்வி ஒன்றை விட்டுக்கொடுத்ததை ஷம்ஸி அன்றுதான் பார்த்தாள்.

"உட்காரு. நான் கண்ணை மூடிக்கறேன். வாசி."

தூபா தஷ்தி ராகத்தை எடுத்தாள். முதலில் நகம் இரண்டு முறை தடுமாறியது. பிறகு ராகம் தன் துக்கத்தைத் தானே சொல்லிக்கொண்டு போனது. தேநீர் ஆறிப்போயிற்று. முடிந்த பிறகும் ஷம்ஸி கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைக்கடியிலிருந்து நீர் வடிந்தது.

"பாவி நான்," என்றாள். "அன்னிக்குப் படத்தைப் பார்த்து இடம் கொடுத்தேனே தவிர, உன்னை ஒரு தடவை வாசின்னு கேட்டேனா?"