காக்கைக்கு முன்னால் பொட்டுவுக்கு

பிள்ளைகளே, நேற்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டுக்கொண்டு, கையைப் பிடித்தபடி அழுத முகத்தோடு வந்தீர்கள். சின்னவள் என் மடியில் ஏறியபோது அவள் கையில் ஒட்டியிருந்த பஞ்சிலிருந்து ஸ்பிரிட் வாசனை வந்தது. உங்களுக்கு அது அழுகை வாசனை. எனக்கு அது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நாயின் பிடரி வாசனை. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

யுத்த காலத்தில் நான் அங்கே ஒரு நூல் மண்டியில் வேலை பார்த்தேன். முன்கட்டில் மண்டி, பின்கட்டில் முதலாளி வீடு. அந்த வீட்டு நாய் பொட்டு, நெற்றியில் வெள்ளைப் புள்ளி உள்ள கிழட்டுப் பெட்டை. தொட்டித் தண்ணீரை ஓயாமல் குடித்தாள், ஆனாலும் இளைத்துக்கொண்டே போனாள். அவள் சிறுநீர் விட்ட இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்த முதலாளி, "அட, எனக்கும் இவளுக்கும் ஒரே வியாதியாட்ட இருக்குதே!" என்றார். அவர் சர்க்கரை வியாதிக்காரர். மாட்டாஸ்பத்திரி டாக்டர் அவள் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். செங்கல் நிறமாக மாறியது; சர்க்கரை இருந்தால் அப்படித்தான் மாறுமாம்.

அன்று முதல் முதலாளியின் இன்சுலின் மருந்தில் அவளுக்கும் கொஞ்சம் பங்கு. மருந்துக் குப்பி சூடு படாமலிருக்க ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் இருக்கும். ஊசியைக் கொதிக்க வைத்து, அவள் பிடரியில் ஸ்பிரிட் தடவி, தூக்கிப் பிடித்துக் குத்துவது என் வேலை. அவள் அசையமாட்டாள். டாக்டர் இரண்டு கட்டளை போட்டிருந்தார்: ஊசி போட்டதும் சோறு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்து; மற்றபடி இனிப்பைக் கண்ணில் காட்டக் கூடாது. ஊசி போட்டுத் திரும்பினால், கேழ்வரகுக் களி தட்டில் தயாராக இருக்கும்.

அந்த வருஷம் மகாளய அமாவாசையன்று முதலாளி ஊரில் இல்லை. வழக்கம்போல ஊசி போட்டுவிட்டுத் திரும்பினேன். தட்டு காலி.

"அம்மா, களி எங்கீங்க?"

வீட்டம்மா ஈரத் தலையோடு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு ஏது களி? படையல் போட்டு, காக்கா எடுத்தாத்தான் இந்த ஊட்ல எந்த வாய்க்கும் சோறு. நாய்க்கும் அதேதான்."

"ஊசி போட்டாச்சுங்களே..."

"எங்க மாமியாளுக்குப் படைக்கறதுக்கு முந்தி நாய்க்குப் போடச் சொல்றியா? கம்முனு இரு சாமி. சுருக்கா ஆக்கிடறேன்."

அவர் சுருக்காகத்தான் ஆக்கினார். மாடியில் இலை போட்டு, "கா கா" என்று தொண்டை வறளக் கூப்பிட்டார். காக்கைகள் எதிர்மாடியில் கத்தினவே தவிர, ஒன்றும் இறங்கவில்லை. பக்கத்துத் தானிய மண்டிக்காரர் காயப்போட்ட துவரையைக் காக்க, செத்த காக்கை ஒன்றைக் கழியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு எந்தக் காக்கை இறங்கும்?

கீழே பொட்டு எழுந்தாள். பின்னங்கால்கள் பின்னின. சுவரில் போய் முட்டினாள். கண் என்னைப் பார்த்தது, ஆனால் நான் தெரிந்தமாதிரி இல்லை. வாயில் எச்சில் ஒழுக, விழுந்து வலிப்பில் வெட்டிக்கொண்டாள்.

மண்டியில் நூல் மூட்டை சுமக்கும் சடையன் வாசலிலிருந்து கத்தினான். "ஐயோ, வெறி புடிச்சிருச்சுங்கோ! எல்லாரும் தள்ளுங்க!" அவன் கைக்கு ஒரு உலக்கையே வந்துவிட்டது. சத்தம் கேட்டு வீட்டம்மா மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

நான் குறுக்கே விழுந்தேன். "வெறி இல்லைங்கண்ணா! பசிமயக்கம்! அம்மா, பாயசம் குடுங்க, சீக்கிரம்!"

"இனிப்பு ஆகாதுன்னு நித்தம் ஓதறவன் நீதானே?"

"இன்னிக்கு அதுதானுங்க உசுரு!"

வீட்டம்மா பாயச உருளியோடு நின்றார். இலையில் வைத்தது போக மீதி; காக்கை எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாத பாயசம். அவர் மாடியைப் பார்த்தார், கீழே பொட்டுவைப் பார்த்தார். சடையன் ஓங்கிய உலக்கையை இன்னும் இறக்கவில்லை.

"எங்க மாமியா உசுரோட இருந்தப்ப என்னைய எத்தனையோ நாள் பசியோட காக்க வெச்சாங்க. இன்னிக்கு அவிங்க கொஞ்சம் காத்திருக்கட்டும்" என்று சொல்லி, உருளியை என் முன்னால் டக்கென்று வைத்தார்.

விரலில் எடுத்து அவள் ஈறில் தேய்த்தேன். கடித்துவிட்டாள். மறுபடி தேய்த்தேன். வெட்டு நின்றது. நாக்கு அசைந்தது. கடைசியில் என் விரலை நக்கினாள், தானே உருளிக்குள் தலையை விட்டாள். அதன்பின் வீட்டம்மா கிண்டிய களியையும் தின்றாள்.

"அட நாயே! வெல்லத்துக்குத்தானா இத்தன நடிப்பு?" என்றான் சடையன். ஆனாலும் உலக்கையை விடவில்லை. அவன் பயம் தெளியட்டும் என்று அவளைப் பின்கட்டுத் தூணில் சங்கிலியால் கட்டினோம். வீட்டம்மா மறுபடி குளித்து, வேறு பாயசம் வைத்தார். பொழுது சாயும்போது ஏதோ ஒரு காக்கை வந்து தொட்டுப்போனதாகச் சொன்னார்கள்.

அப்புறம் கப்பல் வரத்து நின்று, மருந்துக் கடையில் குப்பி கிடைக்காமல் போயிற்று. இருந்ததை முதலாளிக்கே நாள் தள்ளிப் போட வேண்டியதாயிற்று. பொட்டு அந்த மார்கழியைத் தாண்டவில்லை. அந்த வீடும் இன்றில்லை. இடித்துவிட்டு லாரி ஆபீஸ் கட்டியிருக்கிறார்கள். முதலாளி போனார், வீட்டம்மாவும் போனார். போன மாதம் அந்தச் சந்துக்குள் போனேன். பின்கட்டு எங்கே இருந்தது என்று எனக்கே பிடிபடவில்லை.

அமாவாசையன்று சாயங்காலம் மட்டும் பிடிபடுகிறது. எல்லோரும் உள்ளே இலையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் பின்கட்டுக்குப் போனேன். பொட்டு தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல் சங்கிலியைக் கழற்றிக் கீழே வைத்தேன்.