ஈரக் கால்தடம்

கரும்பலகை நிறைய நான் எழுதிய மாதிரிக் கட்டுரை ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. கையெழுத்து அழகாக இருந்தது என்று சொல்லவே இப்போது கூசுகிறது.

பெங்களூரில் தண்டு என்கிற கன்டோன்மென்ட் பகுதிப் பள்ளியொன்றில் நான் தமிழ் வாத்தியாராகச் சேர்ந்த புதிது. பிள்ளைகளுக்கு வாதம் செய்து கட்டுரை எழுதக் கற்றுத்தர வேண்டும். மழையின் பயனையே எழுதி அலுத்துப்போயிருந்தார்கள். ஆகவே முப்பது வருஷத்துக்கு முன்பு எங்கள் மாதா கோயில் பீடத்திலிருந்து காணாமல் போன வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். திருடன் அகப்படவே இல்லை. கோயிலைத் திறந்து மூடும் வேலையிலிருந்த கோயில்பிள்ளையைப் போலீசார் விசாரித்து, ஒன்றுமில்லையென்று விட்டுவிட்டார்கள். அவரும் இறந்து வெகுகாலமாயிற்று. யார் எடுத்திருப்பார், காரணத்தோடு எழுதுங்கள் என்றேன்.

ஒருவர் எழுதியதிலும் அழுத்தம் இல்லை. எனக்கு ரோஷம் வந்து, கோயில்பிள்ளைதான் திருடன் என்று நானே வாதாடி எழுதிக் காட்டினேன். சாட்சியம் போதவில்லை. அதனால் கிண்ணம் காணாமல் போன அன்று காலை பீடத்தருகே அவருடைய ஈரக் கால்தடம் இருந்தது என்று ஒரு வரி சேர்த்தேன். அது முழுக்க என் கற்பனை. அதைப் பிள்ளைகளிடம் சொன்னால் கட்டுரையின் வேகம் போய்விடும் என்று சொல்லாமல் விட்டேன்.

பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டுபோய் வீட்டில் உரக்கப் படித்தார்கள். வாத்தியார் எழுதியது பொய்யாக இருக்குமா? இரண்டு ஞாயிறு கழிவதற்குள் கோயில் சபையார் கூட்டம் போட்டு, அப்பாவுக்குப் பிறகு லிங்கராஜபுரத்திலிருந்து தினமும் நடந்து வந்து கோயிலைப் பெருக்கித் துடைத்த கோயில்பிள்ளையின் மகளிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அந்த அம்மாள் என்னைத் தேடிப் பள்ளிக்கே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"சார், நீங்க எழுதினா எல்லாரும் நம்புறாங்க. எங்கப்பா பக்கமும் ஒண்ணு எழுதிக் குடுங்க சார், கோயில் சாமியார்கிட்ட காட்டணும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "அந்தக் கால்தடம்... பூச்சாடிக்குத் தண்ணி ஊத்தப் போயிருப்பாரு சார். அதையும் எழுதிடுங்க" என்றார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் காகிதத்தை எடுத்து, அவர் சொன்னபடியே நான்கு பக்கம் எழுதினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப உபகாரம் சார்" என்று போனார்.

சாவி திரும்பி வரவில்லை. அப்பா பீடத்தருகே போனதை மகளே ஒப்புக்கொண்டுவிட்டாள், இனி என்ன சந்தேகம் என்று சபையார் முடிவு கட்டிவிட்டார்கள்.