பால் எறங்கிருச்சுங்களா?

போன வாரம் ஒரு காலை. பால் எடுக்க வருகிற வேன் கீழே ரோட்டில் வந்து நின்றது. மலைமேல் எங்கள் எடப்புளி நாட்டில் வீடுகள் ஆளுக்கொரு மேட்டில் இருக்கும். டிரைவர் தம்பி ஏறி வர மாட்டான். ஹாரன் அடித்துவிட்டு அங்கிருந்தே கத்துவான்.

“ஏனுங்க... பால் எறங்கிருச்சுங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து அழுகைக் குரலில் பதில் போனது.

“இன்னும் இல்லீங்க!”

கத்தியது என் மகள் பூங்கொடி. பிள்ளை பெற்று வந்திருக்கிறவள். அவன் கேட்டதோ கன்று போட்டிருக்கிற எங்கள் செவலைப் பசுவை!

“ஐயோ அக்கா... நான் மாட்டக் கேட்டனுங்க!”

வீடு முழுக்கச் சிரித்தது. பூங்கொடி மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சிரிக்கிற காரியமா அது?

கல்யாணமாகி எத்தனையோ வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. தலைப்பிரசவம், அதனால் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை மூக்கும் முழியுமாக நன்றாக இருக்கிறது. இவளுக்குப் பால்தான் சரியாக இறங்கவில்லை. பிள்ளை வாய் வைக்கும், நாலு சொட்டு கிடைக்கும், முகத்தைச் சுளித்துக்கொண்டு அழும். கூடவே இவளும் அழுவாள்.

நர்ஸம்மா வந்து பார்த்தார். “சில பேருக்கு லேட்டாத்தான் வரும். புள்ளைய மார்ல போட்டுக்கிட்டே இருங்க. நாளைக்கு வந்து எடை போட்டுப் பாக்கறேன். எடை ரொம்ப இறங்கியிருந்தா வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வேற ஏற்பாடு ஏற்கெனவே அலமாரியில் வந்து உட்கார்ந்திருந்தது. பூங்கொடியின் மாமியார், எங்கள் சம்பந்தியம்மா, கொண்டை ஊசி வளைவுக்கெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவர், ஒரு பால் பவுடர் டப்பாவும் வாங்கி வந்திருந்தார். நல்ல மனசோடுதான். அந்த டப்பாவில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் பூங்கொடி என் காதோடு சொன்னாள்: “அதப் பிரிச்சா நான் தோத்துட்டேன்னு அர்த்தம்மா.”

பிள்ளை பெறுவதில் ஜெயிக்கிறதென்ன, தோற்கிறதென்ன? சொன்னால் கேட்கிற நிலையிலா இருந்தாள்?

வேன் போனதும், வீட்டுக்காவது ஆகட்டுமென்று பால் கறக்கப் போனேன். போனால், பிள்ளை பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்கள் கன்றையும் பார்க்கலாமென்று தொழுவத்தில் நின்று, போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். செவலை மிரண்டு பாலை அடக்கிக்கொண்டது. எனக்கு வந்ததே கோபம்!

“இதென்ன பேளுக்குறிச்சிச் சந்தையா? புதுசாக் கன்னு போட்ட மாடு. சுத்தி ஆள் நின்னா எப்பிடிப் பால் உடும்? போங்க எல்லாரும் ஊட்டுக்குள்ள!”

சொல்லி வாயை மூடவில்லை... வீட்டுக்குள்ளே என்று யாரிடம் அனுப்பினேன்?

பூங்கொடியிடம்!

எட்டிப் பார்த்தேன். கட்டிலைச் சுற்றி ஆள். ஒருத்தி பூண்டு கொடு என்கிறாள். ஒருத்தி கருவாடு என்கிறாள். ஒருத்தி தனக்கு எப்படிப் பீறிட்டதென்று கதை சொல்கிறாள். நடுவில் என் மகள் முந்தானைக்குள் பிள்ளையை வைத்துக்கொண்டு, தலை குனிந்து, கூனிக் குறுகி... மாட்டுக்குக் கொடுத்த மரியாதையைப் பெற்ற மகளுக்குக் கொடுத்தேனா?

மாடு ஓட்டுகிற குச்சி கையிலேயே இருந்தது. வசதியாகப் போயிற்று.

“எந்திரிங்க எல்லாரும்! காப்பி வெளிய வரும்.”

“ஏனுங்கக்கா, எங்களையுமா?”

“உங்களத்தான் மொதல்ல!”

சம்பந்தியம்மாவைக் குச்சி காட்டி விரட்ட முடியுமா? “சம்பந்தி, நீங்களும் சித்த தொழுவம் வரைக்கும் வந்து கன்னுக்குட்டியப் பாருங்க” என்றேன். சாணி வாசம் ஆகாதவர். மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு போனார்.

கதவைச் சாத்தினேன். ஒரு சபையையே கலைத்த பெருமையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “இப்பக் குடு சாமி. ஒருத்தரும் இல்ல” என்றேன்.

பூங்கொடி பிள்ளையை எடுக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

“ஏம்மா, செவலைகிட்டயும் இப்பிடித்தான் மடியவே உத்துப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பியா?”

“அதெப்பிடி? நான் பாட்டுக்கு வேற பக்கம் பாத்து எதையாச்சும் பேசிக்கிட்டிருப்பேன்.”

“அப்ப நீயும் வெளிய போம்மா.”

பெற்ற தாயை! எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் விரட்டின நியாயம்தானே என்னையும் விரட்டுகிறது? எழுந்து போனேன்.

தொழுவத்தில் சம்பந்தியம்மா கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். முந்தானை மூக்கை விட்டு இறங்கியிருந்தது. கன்று அவர் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கேட்டது. எழுந்து ஓடிவிடாமல் அங்கே உட்கார்ந்திருந்தேனே... நாலு பிரசவம் பார்த்தவள் நான். அப்படி உட்கார்ந்திருந்ததுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

அழுகை குறைந்தது. அப்புறம் நின்றது.

“அம்மா! ஜாக்கெட்டெல்லாம் நனையுதும்மா... புள்ள முழுங்கறது கேக்குதும்மா!”

என்னையறியாமல் எழுந்துவிட்டேன். சம்பந்தியம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

“உக்காருங்க சம்பந்தி. அவ சேதிதான சொன்னா... உங்களக் கூப்புட்டாளா?”