அண்ணி சுருதி இறக்கிய கதை

நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்தால் அதற்குப் பின்னால் ஏதோ காரியம் இருக்கிறது என்றுதான் நம் ஆட்கள் நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். என் அண்ணியைப் பற்றி நான் பெருமையாகத்தான் பேசப்போகிறேன். பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

அண்ணிக்குக் கிட்டார்தான் பிழைப்பு. காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். மதியம் ஏதாவது சோப்பு விளம்பரத்துக்கு ஸ்டுடியோவில் வாசிப்பார். மாலையில் எங்கள் தியேட்டர். பாட்டும் ஆட்டமுமாக நாடகம் போடுகிற இடம் அது. நான் அங்கே உடை அறையில் தையல்காரி. கிட்டாருக்கு ஆள் தேடுகிறார்கள் என்று வீட்டில் வந்து சொன்னதே நான்தான். அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

வாத்தியக்காரர்களுக்கு மேடைக்கு முன்னால் ஒரு பள்ளம். கறுப்பு உடை போட்டுக்கொண்டு, குட்டி விளக்கு வெளிச்சத்தில் அதற்குள் உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். மேலே ஆடுகிறவர்கள் குதிக்கும்போதெல்லாம் தூசி தலையில் கொட்டும். ஒருமுறை நாயகியின் செருப்பே கழன்று அண்ணியின் மடியில் வந்து விழுந்தது. மனுஷி அசையவில்லை. பாட்டை முடித்து, இடைவேளையில் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து, “இது யாரோடது?” என்று கேட்டார்.

என் அம்மாவுக்கு ஆரம்பத்தில் இந்த மருமகள் பிடிபடவே இல்லை. “என்னடி இவ, ஒரு கையில நகம் வளக்குறா, இன்னொரு கையில ஒட்ட வெட்டுறா?” என்று என்னிடம் கிசுகிசுப்பாள். வலது கை கம்பியை மீட்டுவதற்கு, இடது கை அழுத்துவதற்கு. நகம் உடைந்தால் அன்றைய வாசிப்பு போச்சு என்பதால் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது என் அண்ணன். இடது கை விரல் நுனிகளோ காய்த்துப்போய் மரத்துவிட்டன. ஒருநாள் கொதிக்கிற பாத்திரத்தின் மூடியை அண்ணி துணி இல்லாமல் வெறும் விரலால் எடுத்து வைத்ததை அம்மா பார்த்தாள். அதற்குப் பிறகு நகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

இப்படி வருஷக்கணக்காகப் பள்ளத்திலேயே போயிருக்கும். போன நாடகத்தில்தான் மாறியது. அதில் ஒரு தாய் வேஷம். கப்பலேறிப் போகிற மகனுக்காகக் கிட்டார் வாசித்துப் பாடுகிற தாய். அந்த வேஷம் கட்டிய அம்மாள் நடுவில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நடிக்கத் தெரிந்தவர்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை. டைரக்டர் வேறு வழியில்லாமல் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

“ஒரு வாரம் நீங்க பண்ணுங்கம்மா. வாரக் கடைசியில பெரிய கம்பெனி நடிகை ஒருத்தங்க நாடகம் பாக்க வர்றாங்க. அவங்க ஒத்துக்கிட்டா வேஷம் அவங்களுக்கு, நீங்க பழைய இடத்துக்குப் போயிடலாம்” என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணி வாய்விட்டே சொன்னார்: “எனக்கு அந்த வேஷம் வேணும். இத்தனை வருஷமா கீழேருந்து எல்லார் காலையும் பாத்தாச்சு. எனக்கு ஜனங்க முகத்தைப் பாத்து வாசிக்கணும்.”

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த வாரம் முழுவதும் பாட்டு வந்தால் அண்ணி வெளுத்து வாங்கினார். வசனம் வந்தால் மட்டும் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நின்றார். டைரக்டரின் நெற்றிச் சுருக்கம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது.

வாரக் கடைசியும் வந்தது. அந்த நடிகை டைரக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். திரை ஓரத்திலிருந்து பார்த்தேன், நல்ல மிடுக்கு. முதல் பாதி நன்றாகவே போனது. இடைவேளையில் அண்ணியின் வேஷ உடையில் கை ஓரத்துக் கொக்கி பிய்ந்து வந்துவிட்டது. நான் ஊசியும் நூலுமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தைத்து முடிப்பதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. அண்ணி ஓடினார்.

கிட்டாரின் கழுத்தில் கேப்போ என்று ஒரு கிளிப் மாட்டுவார்கள். மேலே தள்ளி மாட்டினால் சுருதி ஏறும், கீழே இறக்கினால் இறங்கும். முதல் பாதிப் பாட்டுக்கு அது நாலாவது கட்டத்தில் இருக்கும். மகனை வழியனுப்புகிற பாட்டுக்கு இரண்டாவது கட்டத்துக்கு இறக்க வேண்டும். அதை அண்ணி இடைவேளையில்தான் செய்வார். அன்றைக்கு இடைவேளை முழுவதும் அவர் கை என்னிடம் அல்லவா இருந்தது!

மேடையில் மகன் மூட்டையோடு நிற்கிறான். அண்ணி முக்காலியில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். முதல் மீட்டலிலேயே அவர் தோள் விறைத்தது. பள்ளத்தில் பியானோக்காரர் வெடுக்கென்று நிமிர்ந்தார். மகனாக நடிக்கிறவரை, எப்போதும் கல்யாணக் காட்சியில் நிற்பதால், மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பாட்டின் உச்சியை ஒழுங்கான சுருதியிலேயே முக்கி முனகித்தான் தொடுவார். இந்த உயரத்தில் பாடினால் நடுவில் குரல் உடைந்துவிடும். அவர் முகம் வெளிறியதைப் பார்த்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் திரைத்துணியைக் கசக்கிக்கொண்டு நின்றேன்.

அண்ணி நிறுத்தவில்லை. பாட்டுக்கு முந்தின அந்தச் சின்னத் துண்டையே சுற்றிச் சுற்றி வாசித்தார். நடிகர் வரத் தாமதமானால் பள்ளத்தில் இருப்பவர்கள் செய்கிற வேலை அது, அண்ணிக்குத் தண்ணீர் பட்டபாடு. வாசித்துக்கொண்டே மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் கம்பிகளை மெதுவாக அமர்த்தினார்.

“டேய், இரு. நேத்து பூரா இருமிக்கிட்டிருந்தே. இவ்வளவு மேல போய்ப் பாடினே, கப்பல்ல ஏறும்போது தொண்டையில ஒண்ணும் இருக்காது. அம்மா கொஞ்சம் இறக்கித் தர்றேன்.”

நாடகத்தில் அப்படி ஒரு வசனம் கிடையாது. அவசரமே இல்லாமல் கேப்போவைக் கழற்றினார், இரண்டு கட்டம் கீழே மாட்டினார், கம்பியைத் தட்டிப் பார்த்தார். “இப்போ பாடு” என்றார்.

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. “சரிம்மா” என்றார், அதுவும் நாடகத்தில் இல்லாததுதான். பிறகு பாடினார் பாருங்கள், அந்த மனிதர் அப்படிப் பாடி நான் கேட்டதே இல்லை. கூட்டத்தில் யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம் மேடை ஓரம்வரை கேட்டது. நானும் அழுதேன். என் அண்ணி ஒரு தாயாகவே அங்கே உட்கார்ந்திருந்தார்.

நாடகம் முடிந்ததும் டைரக்டர் அந்த நடிகையைக் கூட்டிக்கொண்டு நேரே உடை அறைக்கு வந்தார்.

“அந்த வசனம் யாரும்மா எழுதினது?”

நான் அண்ணியின் காலை மிதித்தேன். அண்ணி கேட்டால்தானே! “யாரும் எழுதல சார். கேப்போவை இறக்க மறந்துட்டேன். தப்பு என்மேலதான்.”

நடிகைதான் சிரித்தார். “சார், எனக்குக் கிட்டார் வாசிக்கிற மாதிரி நடிக்க வரும். அப்படி ஒரு தப்பு பண்ண வராது. நான் வேற நாடகம் பாத்துக்கறேன்” என்று சொல்லி அண்ணியின் காய்த்துப்போன விரல்களைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். மிடுக்கு மட்டுமில்லை, நல்ல மனசும் இருந்திருக்கிறது.

“இனிமே தினமும் அந்தத் தப்பைப் பண்ணணும்” என்றார் டைரக்டர். “வேஷம் உங்களோடதுதான். நாடக நோட்டீஸ்ல உங்க பேரை வாத்தியக்காரங்க வரிசையிலேருந்து எடுத்துட்டு நடிகர்கள் வரிசையில போடச் சொல்லிடறேன்.”

அண்ணி அதுவரை தலையைக் குனிந்துகொண்டிருந்தார். இப்போது நிமிர்ந்தார்.

“எடுக்க வேண்டாம் சார். அங்கயும் இருக்கட்டும்.”

“ஒரே பேர் ரெண்டு எடத்துல வருமேம்மா?”

“வரட்டுமே சார். ரெண்டு வேலையும் நான்தானே செய்யறேன்.”