தெஹியோவிட்டவில் சுவர் காட்டப் போன நாள்

தெஹியோவிட்ட பக்கம் ரப்பர் தோட்டங்களைப் பார்க்கப் போகிறவர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள். நான் போனது 1979 ஆவணியில், ஊர் சுற்றிப்பார்க்க இல்லை. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும், இடிகிற லயக் காம்பராக்களை அரசாங்கத் திட்டத்தில் திருத்தப் போகிறார்கள், பட்டியல் எழுத அதிகாரி வருகிறார் என்று அவிசாவளைக் கடையில் வேலை செய்த என் காதில் விழுந்தது. அக்கா லெட்சுமியின் காம்பராவில் சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது. அதன் ஓரத்தில்தான் மூன்று பிள்ளைகளும் படுப்பார்கள். உடனே அவளுக்குச் சொல்லியனுப்பினேன்.

காலை 6.30 பஸ், டிக்கெட் ஒரு ரூபாய். 7.15க்கு இறங்கி, தோட்டத்துக்கு இரண்டு மைல் ஏற்றம். அட்டைக் கடிக்குக் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள், நான் பூசாமல் போய்ப் பட்டேன்.

ஏறிப் போய் லயத்தைப் பார்த்தேன். பத்துக் காம்பராவும் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று நின்றன. தோட்ட நிர்வாகியான துரை லயம் பார்க்க வந்தால் அழுக்குக்குத் திட்டு விழும். அந்தப் பழக்கத்தில் அக்கா எல்லாரையும் கிளப்பி, வெடிப்புகளை மண்ணும் சாணியும் குழைத்து அடைக்க வைத்திருக்கிறாள். பைத்தியமா உனக்கு என்று கத்தினேன். வருகிறவர் முன்னால் நாறிக் கிடக்கச் சொல்கிறாயா என்று அவளும் சீறினாள்.

அதற்குள் அதிகாரி நான்கு காம்பராவைப் பார்த்து, நான்குக்கும் 'நல்ல நிலை' என்று எழுதிவிட்டிருந்தார். ஐந்தாவது அக்காவுடையது. நான் சிங்களத்தில் எவ்வளவோ விளக்கினேன். கண்ணில் தெரிவதைத்தான் எழுத முடியும் என்றார். பேனா தாளில் பட்டுவிட்டது.

அக்கா கூரையில் செருகியிருந்த ரப்பர் பால்வெட்டுக் கத்தியை உருவினாள். "கொஞ்சம் இருங்க மாத்தியா" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டுச் சுவரைச் சுரண்டினாள். மண் கட்டிகட்டியாக விழுந்தது. வெடிப்புக்குள் கையை விட்டாள், முழங்கை வரை போனது. அதன் வழியே அடுத்த வீட்டு அடுப்புப் புகை எங்கள் பக்கம் வந்தது.

"இப்ப எழுதுங்க."

எழுதினார். மற்ற ஐந்து வீட்டிலும் சுரண்டும் சத்தம் கேட்டது. முதல் நான்கு வீட்டுக்காரர்களும் சுரண்டிவிட்டு ஓடிவந்தார்கள். எழுதினது எழுதினதுதான் என்று அவர் கையை விரித்துவிட்டார்.

திரும்பி வரக் கடைசி பஸ் ஐந்தரைக்கு. இப்போது மாறியிருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். அதிகாரி யாராவது உங்கள் வீட்டைப் பார்க்க வந்தால், தயவுசெய்து உள்ளதை உள்ளபடி வைத்திருங்கள்.

ஆறு காம்பராவுக்குத் தகரமும் சீமெந்தும் வந்தன. ஐப்பசி மழையில் முதல் காம்பராவின் சுவர் விழுந்தது. நல்லவேளை, எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். "நான் சொல்லித்தானே பூசுனாங்க" என்று அக்கா அந்த வீட்டு ஐந்து பேரையும் தன் காம்பராவுக்குக் கூட்டிவந்தாள். இரண்டு வருடம் அங்கேதான் இருந்தார்கள்.