நடு இருக்கை

மரக்கடையில் அவளை எல்லோரும் ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பில் போடும் மேசைக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். தேக்கு என்று சொல்லி வேறெதையோ தலையில் கட்டப் பார்க்கிற வியாபாரியும், அளவு குறைத்து அறுத்துவிட்டு நழுவப் பார்க்கிற அறுப்புக்காரரும் அந்த மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். யாரும் தாண்டியதில்லை. முதலாளியே அவளிடம் லீவு கேட்டுத்தான் வெளியூர் போவார் என்று லோடு இறக்குகிறவர்கள் கேலி பேசுவார்கள்.

அப்படிப்பட்டவள் தன் வீட்டில் எங்கே உட்கார்ந்து டிவி பார்த்தாள் தெரியுமா? வாசல் கதவுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் இடையில்.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் இரண்டு கால்களையும் முடக்கிப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து அவள் அதிகமாகக் கேட்ட சொல் ‘ஓரமா’. பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்தபோது, “பாப்பாவை ஓரமா வைங்க.” விசேஷ வீடுகளில், “வண்டியை ஓரமா விடுங்க, ஆளுங்க போக வர வழி வேணும்.” தியேட்டரில் முதல் வரிசைக்கும் முன்னால், திரைக்குக் கீழே, சுவரை ஒட்டி. அங்கிருந்து பார்த்தால் கதாநாயகனின் மூக்குத் துவாரம் நன்றாகத் தெரியும், வேறொன்றும் தெரியாது. அவளோ சினிமாப் பைத்தியம், அதிலும் அடிதடிப் படம் என்றால் உயிர். இரண்டு தடவை போனாள். “டிக்கெட் வாங்கிக் கழுத்துவலியோட திரும்ப எனக்கென்ன தலையெழுத்தா?” என்று தியேட்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டாள்.

அவள் கணவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். ஒரு காலத்தில் பலகை வாங்க வந்து, பில்லில் தகராறு செய்து, அவளிடம் வகையாக வாங்கிக் கட்டிக்கொண்டவன். மறுநாள் தேவையே இல்லாமல் இன்னொரு பலகை வாங்க வந்து நின்றான். இப்படி வந்து வந்தே கல்யாணம் வரைக்கும் போய்விட்டது. நல்ல மனிதன். பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையும் கழற்றி மாட்டுவான். அவனுடைய அக்கா எதிரில் வந்துவிட்டால் மட்டும் பெட்டிப்பாம்பு.

அந்த அக்கா கல்யாணப் பரிசாகக் கொடுத்த மூன்று பேர் உட்காரும் சோபாதான் ஹாலை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஹால் குறுகல். சோபா ஒரு பக்கச் சுவரில் இடித்துக்கொண்டு நிற்கும். மறுபக்கம் கதவருகே மிஞ்சியிருந்த சந்தில்தான் சக்கர நாற்காலி நுழையும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாத்தனார் தன் கணவரோடு வருவாள். நடு இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து படம் பார்ப்பாள். அவள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குவார்.

“வீட்டையே தியேட்டரா மாத்திடறேன், பாரு” என்று சொல்லித்தான் மெக்கானிக் பழைய சின்ன டிவிக்குப் பதிலாக ஒரு பெரிய டிவியை வாங்கி வந்தான். அவளுக்கும் தலைகால் புரியவில்லை. ஜன்னல் வெளிச்சம் திரையில் அடிக்கக்கூடாது என்று கெட்டித் துணியில் கறுப்புத் திரைச்சீலை தைத்து வைத்தாள். டியூப்லைட்டுக்குப் பதிலாக டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு. டிவியை ஹோட்டல் வரவேற்பறை மாதிரி உச்சியில் மாட்டவிடாமல், உட்கார்ந்த கண் மட்டத்துக்கு இறக்கச் சொன்னாள். டிவி மாட்ட வந்தவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு சோபாவின் நடு இருக்கையில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து டேப் பிடித்து, திரையையும் ஸ்பீக்கர்களையும் அந்த இடத்துக்கு நேராக நிறுத்திவிட்டு, “பார்க்கிறவங்க இங்கதானே உக்காருவாங்க?” என்றான். மெக்கானிக்கும் ஆமாம் என்றான்.

அன்றைக்கே படம் போட்டார்கள். சோபாவில் இருந்த மெக்கானிக், “அடேங்கப்பா!” என்றான். கதவோரத்தில் இருந்தவளுக்குக் கறுப்பெல்லாம் சாம்பலாகத் தெரிந்தது. முகங்கள் வெளிறிக் கிடந்தன. ஒரு ஸ்பீக்கர் காதுக்குள் கத்தியது, இன்னொன்று வாயே திறக்கவில்லை.

“எனக்குச் சரியாத் தெரியலீங்க” என்றாள்.

“தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. தெரியுமே.”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் ஓரமாக வைத்தது, போகட்டும். இந்த வீட்டு வாடகையில் பாதி அவள் சம்பளம். இந்த ஹாலுக்கு நடு என்று ஒன்று இருக்கிறது, அதில் அவள் ஒரு நாள்கூட இருந்ததில்லை. அழுதால் விஷயம் அழுகையோடு முடிந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

“சோபாவை எடுத்துடுங்க.”

“அக்கா குடுத்ததாச்சே!”

“அப்ப நான் நடுவுல எப்படி வர்றது?”

“சோபாவுக்கு முன்னாடி வண்டியை நிறுத்திக்கயேன்.”

“பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்கும். உங்க அக்கா என்னை நகரச் சொல்வாங்க. நீங்க நகர்த்துவீங்க.”

நகர்த்துவான் என்று அவனுக்கே தெரியும்.

மறுநாள் கடையிலிருந்து திரும்பும்போது கடைக்கு வந்துபோகும் தச்சர் ஒருவரைக் கையோடு கூட்டிவந்தாள். வழியெல்லாம் விவரம் சொல்லவில்லை. ஹாலுக்குள் வந்ததும் சோபாவைக் காட்டினாள்.

“அண்ணே, நடு சீட்டை மட்டும் தனியா அறுத்து எடுக்கணும். ரெண்டு ஓரத்துக்கும் புதுசாக் கால் வெச்சுடுங்க. நடுவுல என் வண்டி நிக்கணும்.”

தச்சர் சோபாவைத் தடவிப் பார்த்தார். “நல்ல மரம்மா. வேணாம்னா யாருக்காச்சும் குடுங்க. முழுசா இருக்கிறதை அறுக்க எனக்குக் கை வராது.”

“கை வராதா? ரம்பத்தைக் குடுங்க.”

மெக்கானிக், “ஏய், ஏய்” என்று எழுந்தான். அவள் அதற்குள் மெத்தைகளை இழுத்துத் தரையில் எறிந்துவிட்டு, கத்தரிக்கோலால் உறையைக் கிழித்துவிட்டாள். நாற்காலியைப் பக்கவாட்டில் நெருக்கி நிறுத்தி, குனிந்து, முன்கட்டையில் ரம்பத்தை வைத்து இழுத்தாள். சின்ன வயதிலிருந்து உடம்பு முழுவதையும் சுமந்து ஓட்டிய கைகள் அவை. தூள் பறந்தது. கட்டை பாதி அறுபட்டதும் தச்சர் பதறிப்போனார்.

“கோணலாப் போகுதும்மா, விடுங்க, விடுங்க, நான் அறுக்கறேன்!”

“இப்ப மட்டும் கை வருதா?” என்று கேட்டுக்கொண்டே ரம்பத்தைக் கொடுத்தாள். மூச்சு வாங்கியது. மெக்கானிக் அவளையும் சோபாவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என்ன தோன்றியதோ, மறுமுனையைப் போய் ஆடாமல் பிடித்துக்கொண்டான்.

“அக்காகிட்ட என்ன சொல்றது?” என்று மட்டும் கேட்டான்.

“நான் அறுத்தேன்னு சொல்லுங்க.”

“பிடிச்சது நான்தானே” என்றான். அவளுக்கு அவன் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

இரண்டு பக்கமும் கைப்பிடியோடு ஒவ்வொரு இருக்கை, நடுவில் சக்கர நாற்காலிக்கு அளவெடுத்த இடம். அறுத்தெடுத்த நடுத் துண்டுக்கும் தச்சர் நாலு கால் வைத்துக் கொடுத்தார். அதை வைக்க ஹாலில் வேறு இடமில்லை. செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், அவள் வழக்கமாக இருக்கும் இடத்தில் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அய்யய்யோ, யாரு பண்ணின வேலை இது?”

“நான்தான் அண்ணி” என்றாள் ஜட்ஜம்மா, நடுவிலிருந்து.

“நானும்தான்க்கா” என்றான் மெக்கானிக். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனாலும் வெளியே வந்துவிட்டது.

“ஆசை ஆசையாக் குடுத்தது. இப்படியா ரெண்டாக்குவீங்க?”

“மூணா ஆக்கியிருக்கோம், அண்ணி. இந்தப் பக்கம் ஒண்ணு காலியா இருக்கு, வந்து உக்காருங்க. படம் பிரமாதமாத் தெரியும்.”

நாத்தனாருக்கு மூக்கு விடைத்தது. “நான் குடுத்தது நடு சீட்டோட. நான் என் சீட்லயே உக்காந்துக்கறேன்” என்று சொல்லி, விறுவிறுவென்று போய்க் கதவோரத்தில் கிடந்த நடுத் துண்டில் உட்கார்ந்தாள். காலி இருக்கையில் அவள் கணவர் சாய்ந்து, விளக்கை அணைப்பதற்குள் கண்ணை மூடிவிட்டார்.

படம் ஆரம்பமானது. முதல் சண்டையிலேயே ஜட்ஜம்மா கைப்பிடியில் ஓங்கிக் குத்தினாள். கறுப்பு இப்போது கறுப்பாகவே தெரிந்தது. அடி விழும் சத்தம் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. இத்தனை நாளும் இந்த நடு இடம் இந்த வீட்டில்தான் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

கதவோரத்தில் சோபாத் துண்டு கிறீச்சிட்டது. நாத்தனார் இப்படித் திரும்பி உட்கார்ந்தாள், அப்படித் திரும்பி உட்கார்ந்தாள். கழுத்தை நீட்டினாள். கண்ணைக் கசக்கினாள்.

“என்னடா இது, ஒரே வெளுப்பா இருக்கு? முகமே தெரியலியே. டிவி கெட்டுப்போச்சா?”

“டிவி நல்லாத்தான்க்கா இருக்கு” என்றான் மெக்கானிக். கொஞ்சம் தயங்கி, “அந்த இடம் அப்படித்தான்” என்றான்.

நாத்தனார் நடுவில் இருந்த சக்கர நாற்காலியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “இங்கேருந்தா நீ இத்தனை வருஷமாப் பார்த்தே?” என்றாள். குரலில் இருந்த வீம்பு இறங்கிவிட்டிருந்தது. கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள்.

“எழுந்திருக்காதீங்க, அண்ணி” என்றாள் ஜட்ஜம்மா. “இன்னைக்கு ஒரு படம், முடியிறவரைக்கும் அங்கேருந்தே பாருங்க.”

நாத்தனார் எழுந்த பாதியில் நின்றாள். பிறகு மறுபடியும் உட்கார்ந்து, தலையைத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஜட்ஜம்மாவுக்குத் தலையைத் திருப்பவேண்டிய அவசியம் இருக்கவில்லை.